பழைய போட்டோக்களை வீடியோவாக்குவோம்: பாட்டுக்குப் பதில் பெரியவர்களின் குரல்



நம் வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். உள்ளே பழைய போட்டோக்கள். வாப்பா சபரில் இருந்தபோது கடிதத்தோடு வைத்து அனுப்பியது, நிக்காஹ் அன்று ஸ்டூடியோக்காரர் எடுத்தது, ஹஜ் பாஸ்போர்ட்டுக்காக எடுத்ததில் மிஞ்சியது. எங்கள் வீட்டு டின்னை நன்னி வஃபாத்தான பிறகுதான் முழுதாகக் கொட்டிப் பார்த்தோம். நன்னா மூன்று பேருடன் கப்பலில் நிற்கும் படம் ஒன்று. அந்த மூன்று பேர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நன்னி இருக்கும்போது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள்.

இப்போது நிக்காஹ் வீடுகளிலும் பெருநாள் கூடல்களிலும் போட்டோக்களைக் கோத்து ஸ்லைடு ஷோ போடுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் போனில் உள்ள ஆப் தானாகவே செய்து தரும் வீடியோதான். பின்னால் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டு ஓடும், அடுத்த நாள் மறந்தும் போகும். இதையே கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று நாள் மாலையில் உட்கார்ந்து செய்தால், குடும்பத்தின் பெயர்களும் முகங்களும் சேர்ந்த பதிவாக ஆக்கிக்கொள்ளலாம். (புகைப்படம் கூடுமா என்ற விவாதத்துக்குள் இங்கே நாம் போகவில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் படங்களைப் பற்றித்தான் பேச்சு.)

பின்னணி ஒலிக்கு என்ன செய்வது என்பதுதான் நம்மவர்களுக்கு வரும் முதல் கேள்வி. இசை வேண்டாம் என்கிற வீடுகள் நிறைய. அதற்குப் பதிலாகச் சிலர் கிராஅத்தை ஓடவிடுகிறார்கள். குர்ஆன் ஓதப்பட்டால் மௌனமாகக் கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். போட்டோ பார்த்துச் சிரித்துப் பேசும் இடத்தில் அதைப் பின்னணியாக்குவது பொருந்தாது என்பதே எங்கள் எண்ணம். வீட்டில் இருக்கும் பெரியவர்களின் குரலையே ஒலியாக வைத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

ஆகவே முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை. அஸருக்குப் பிறகு நன்னியோ வாப்பாவோ ஓய்வாக இருக்கும் நேரத்தில் போட்டோக்களோடு பக்கத்தில் உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் இரைச்சல் பதிவில் குரலை விட அதிகமாகக் கேட்கும். போனின் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, ஒரு துண்டை மடித்து அதன் மேல் போனை அவர்கள் அருகில் வையுங்கள். "பழைய கதை ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டால் பேச்சு வராது. ஒரு படத்தைக் கையில் கொடுத்து, "இது யாரு நன்னி? எந்த ஊர்ல எடுத்தது?" என்று கேளுங்கள். மற்றது தானாக வரும். ஒவ்வொரு படத்தையும் கொடுக்கும்போது அதன் எண்ணை நீங்கள் சத்தமாகச் சொல்லிவிட்டால், பிறகு எந்தப் பேச்சு எந்தப் படத்துக்கு என்று தேட வேண்டியிருக்காது. ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். அரை மணி நேரத்தில் அவர்கள் களைத்துவிடுவார்கள்.

அடுத்து படங்களைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர வேண்டும். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் அப்போது 2400க்கு 3600 பிக்சல் ஆகும். ஒரு முகத்தை நெருக்கிக் காட்டினாலும் உடையாது. போனில் எடுப்பதானால் ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே வேண்டாம், மேல் பூச்சு கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடியோடு எடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் மறக்காமல் எடுக்க வேண்டும். ஸ்டூடியோ முத்திரை, தேதி, சில சமயம் நன்னாவின் கையெழுத்தே அங்கே இருக்கும்.

மென்பொருளில் முன்பு எல்லோருக்கும் பழக்கமாக இருந்தது விண்டோஸ் மூவி மேக்கர். அதை மைக்ரோசாப்ட் 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது. நாங்கள் பயன்படுத்துவது ஓப்பன்ஷாட். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், வீடியோ மேல் தன் முத்திரையைப் போடாது.

முதலில் ஒரே ஃபோல்டரில் படங்களையும் குரல் பதிவுகளையும் போட்டு, படங்களுக்கு 001, 002 என்று வரிசையாகப் பெயர் வையுங்கள். ஓப்பன்ஷாட்டில் 'இம்போர்ட் ஃபைல்ஸ்' மூலம் உள்ளே எடுங்கள். எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து 'ஆட் டு டைம்லைன்' கொடுத்தால் ஒரு பெட்டி வரும். ஒவ்வொரு படமும் எத்தனை விநாடி நிற்க வேண்டும், மெல்லத் தோன்றி மறைய வேண்டுமா, ஜூம் ஆக வேண்டுமா என்பதை அங்கேயே சொல்லிவிடலாம். அதில் பக்கம் புரள்வது, சுழல்வது என்று மாற்றங்கள் நிறைய உண்டு. பிள்ளைகள் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள். ஒரே மாதிரியான மெல்லிய மறைவு மட்டும் போதும்.

குரல் பதிவைக் கீழே இன்னொரு டிராக்கில் வையுங்கள். இனி குரலுக்கு ஏற்பப் படத்தை நீட்டவோ குறைக்கவோ செய்வதுதான் வேலை. டைம்லைனில் படத்தின் வலது ஓரத்தைப் பிடித்து இழுத்தால் நீளும். ஒருவரைப் பற்றி நன்னி 40 விநாடி பேசினால் அந்தப் படம் 40 விநாடி நிற்கட்டும். குரல் இல்லாத படத்துக்கு ஆறு விநாடி சரியாக இருக்கும். இடையில் வரும் இருமலையும் "கண்ணாடிய எடு புள்ள" என்பதையும் நாங்கள் வெட்டவில்லை.

பெயர்களை 'டைட்டில்' வசதியில் தமிழிலேயே எழுதலாம். கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துருவை நிர்மலா அல்லது லதாவுக்கு மாற்றுங்கள். பழைய லேப்டாப்பில் முன்னோட்டம் திக்கித் திக்கித்தான் ஓடும், பயப்பட வேண்டாம். வீடியோவாக எடுத்த பிறகு சரியாக இருக்கும். இன்னொன்று: சேமிக்கும் புராஜெக்ட் ஃபைலுக்குள் படங்கள் இருக்காது, படங்கள் இருக்கும் இடம்தான் குறிக்கப்பட்டிருக்கும். பாதி வேலையில் ஃபோல்டரை இடம் மாற்றினால் படங்கள் காணாமல் போகும்.

பெண்களின் படங்கள் விஷயத்தில் அவசரம் கூடாது. நம் உம்மாவும் லாத்தாவும் வீட்டுக்குள் இருக்கும்போது எடுத்த படம் மண்டபத்தின் பெரிய திரையில் வருவதை அவர்கள் விரும்புவார்களா? ஒவ்வொருவரிடமும் நேராகக் கேளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வீடியோவாகச் செய்தோம்: எல்லோரும் பார்க்க ஒன்று, வீட்டுப் பெண்களுக்கு மட்டும் ஒன்று. யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்று போட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அந்த லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம். ஒரு குடும்ப குரூப்பில் போட்ட லிங்க் எங்கெல்லாம் போகும் என்று நமக்குத் தெரியாதா என்ன! பென்டிரைவில் போட்டு டிவியில் பார்ப்பதே நல்லது.

எல்லாம் முடிந்ததும் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து, எம்பி4 வடிவில் 1080 அளவில் எடுங்கள். சபரில் இருக்கும் காக்காமாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். வெட்டாத முழுக் குரல் பதிவுகளையும் ஸ்கேன் செய்த படங்களையும் இரண்டு வெவ்வேறு வீடுகளில் பிரதி எடுத்து வையுங்கள். டின்னில் உள்ள படங்களின் பின்னால், நன்னி சொன்ன பெயர்களைப் பென்சிலால் அழுத்தாமல் எழுதிவிடுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.