கோடியக்கரையில் சிறு கரைப்பறவை ஒளிப்படவியல்

கோடியக்கரையில் சிறு கரைப்பறவை ஒளிப்படவியல் என்பது, தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டத்திலுள்ள கோடியக்கரைக் காப்பிடத்தின் சேற்றுப் பரப்புகளிலும் உப்பளங்களிலும் இரை தேடும் உள்ளான், உப்புக்கொத்தி முதலிய சிறு பறவைகளைப் படமெடுக்கும் முறையைக் குறிக்கும். பூநாரை போன்ற பெரிய பறவைகளைத் தொலைவிலிருந்தே படமாக்கலாம். ஒரு கைப்பிடி அளவேயுள்ள கொசு உள்ளானை அவ்வாறு படமாக்க இயலாது. நெருங்க வேண்டியிருக்கிறது, நெருங்கினால் அது இரை தேடுவதை நிறுத்திவிடுகிறது. இத்துறையின் உத்திகளுள் பெரும்பாலானவை இச்சிக்கலிலிருந்து தோன்றியவையே.

இடமும் பருவமும்

கோடியக்கரை 1967இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. வெளிமான்களைக் காப்பதே அப்போதைய முதன்மை நோக்கமாக இருந்தது. 2002இல் இது ராம்சார் சாசனத்தின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. வலசைப் பறவைகள் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலேயே வரத் தொடங்குகின்றன. எனினும் வடகிழக்குப் பருவமழையின்போது சதுப்பில் நீர் உயர்ந்து, குட்டைக் கால் பறவைகள் நிற்க இடமின்றிப் போய்விடும். மழை ஓய்ந்து நீர் வற்றி ஈரச்சேறு வெளிப்படும் சனவரி முதல் மார்ச்சு வரையான காலமே படமெடுப்பதற்கு ஏற்றது. இங்கு நீர்மட்டத்தை ஓதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. காற்றின் திசைக்கும் அதில் பங்குண்டு. ஆகவே ஓத அட்டவணையை மட்டும் நம்பிச் செல்வோர் ஏமாறக்கூடும்.

அளவும் தொலைவும்

கொசு உள்ளானின் நீளம் ஏறத்தாழ 14 செ.மீ.; எடை 20 முதல் 40 கிராம் வரை. 600 மி.மீ. குவியத் தொலைவுள்ள வில்லையைக் கொண்டு 10 மீட்டர் தொலைவில் படமெடுத்தால், உணரியின்மேல் விழும் பறவையின் உருவம் 8.4 மி.மீ. நீளமே இருக்கும். முழுச்சட்ட உணரியின் அகலம் 36 மி.மீ. ஆதலால், பறவை படத்தின் அகலத்தில் கால் பங்கைக்கூட நிரப்பாது. தொலைவு 20 மீட்டரானால் உருவம் பாதியாகச் சுருங்கும். விலையுயர்ந்த வில்லையால் தீராத குறை இது. தொலைவைக் குறைப்பதே வழி.

அணுகும் முறை

நிமிர்ந்து நடந்து வரும் மனித உருவமே இப்பறவைகளை மிகுதியாக அச்சுறுத்துகிறது. உப்பளக் கரைகளில் நின்றுகொண்டிருக்கும் வண்டியை அவை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த கீர்ட்டன் உடன்பிறப்புகள் பாடம் செய்யப்பட்ட மாட்டின் தோலுக்குள் ஒளிந்து பறவைகளைப் படமெடுத்ததும் இக்காரணம் பற்றியே. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

பறவையைப் பின்தொடர்வது வீண்முயற்சி. கூட்டம் இரை தேடிக்கொண்டு எத்திசையில் நகர்கிறது என்பதை முதலில் தொலைவிலிருந்து கவனிக்க வேண்டும். பின்னர் அவ்வழியில் முன்கூட்டியே சென்று, தரையோடு தரையாகப் படுத்து அசையாதிருந்தால், அரை மணி நேரத்திலோ அதற்கும் பின்னரோ பறவைகள் தாமாகவே அருகில் வரக்கூடும். அரிசி அல்லது பயறு நிரப்பிய துணிப்பையின்மேல் படக்கருவியை வைத்தால், வில்லை பறவையின் கண் மட்டத்திற்கு இறங்கும். அப்போது பின்புலம் தொலைவில் மங்கி, பறவை தனித்துத் தெரியும். நின்றபடி எடுத்த படத்தில் சேறே பின்புலமாக அமைந்து பறவையை விழுங்கிவிடும்.

கொத்துவதை நிறுத்தித் தலையை உயர்த்துதல், உடலை ஒடுக்கிக்கொள்ளுதல், ஓரிரு அடி ஓடி நிற்றல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். இவற்றைக் கண்டவுடன் அசையாதிருக்க வேண்டும். தொடர்ந்தால் பின்வாங்க வேண்டும். கூட்டத்தைப் பறக்கச் செய்து எடுக்கும் படங்கள் எளிதில் கிடைப்பவை. ஆனால் அதன் விலையைச் செலுத்துவது பறவையே. கொசு உள்ளான் ஆர்க்டிக் தூந்திரப் பகுதியில் இனப்பெருக்கம் செய்வது. அங்கு திரும்புவதற்குத் தேவையான கொழுப்பை இளவேனிலுக்கு முன் இச்சேற்றிலிருந்தே சேர்க்கிறது. ஒவ்வொரு முறை பறக்கும்போதும் உண்ணும் நேரமும் சேர்த்த ஆற்றலும் ஒருங்கே குறைகின்றன.

ஒளியும் கருவியும்

காலை வெயில் ஏறிய பின் சேற்றிலிருந்து எழும் கானல் படத்தின் கூர்மையைக் கெடுத்துவிடும். எனவே கதிரவன் எழுந்த முதல் இரண்டு மணி நேரமும் மாலையின் இறுதிப் பகுதியும் ஏற்றவை. இடையறாது கொத்தும் பறவைக்கு நொடியில் 1000இல் ஒரு பங்கு அல்லது அதனினும் விரைவான மூடுவேகம் வேண்டும். கருஞ்சேற்றின் நடுவே வெண்ணிற வயிறு வெளிறிவிடுமாதலால் ஒளியைச் சற்றுக் குறைத்து அமைப்பது வழக்கம். உப்புநீர்த் துளிகளை அன்றே ஈரத்துணியால் துடைக்காவிடில் கருவியின் உலோகப் பகுதிகள் அரித்துப்போகும்.

கூடுகளும் சட்டமும்

உப்புக்கொத்திகளுள் சில தென்னிந்தியக் கரையோரங்களில் வெறுந்தரையில் முட்டையிடுகின்றன. முட்டைகள் மணலின் நிறத்தையே ஒத்திருப்பதால் காலடியில் மிதிபடும் அபாயமுண்டு. தாய்ப்பறவையை விரட்டினால் சிறிது நேரத்திலேயே வெயில் அவற்றை அழித்துவிடும். ஆகவே கூட்டில் படமெடுப்பதைத் தவிர்ப்பதே நன்று. இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி காப்பிடத்துள் நுழைவதற்கான அனுமதி வழங்கப்படும் காரணங்களுள் ஒளிப்படம் எடுத்தலும் ஒன்று. வாழிடத்தை மாற்றாமலும் அதற்கோ உயிரினங்களுக்கோ தீங்கு விளைவிக்காமலும் எடுக்க வேண்டும் என்னும் வரையறையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது.

அறிவியல் பயன்

கெண்டிஷ் உப்புக்கொத்தியின் துணையினமாகக் கருதப்பட்டுவந்த, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் பறவை, 2023இல் வெளியான ஆய்வின் வாயிலாக அனுமன் உப்புக்கொத்தி என்னும் தனி இனமாக அறியப்பட்டது. முகக்குறிகள் தெளிவாகத் தெரியும் பழைய படங்களுக்கு இதனால் புதிய மதிப்பு ஏற்பட்டுள்ளது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்து வருகிறது. கால் வளையமோ வண்ணப் பட்டையோ படத்தில் தெரிந்தால், நாளையும் இடத்தையும் குறித்து அக்கழகத்திற்குத் தெரிவிக்கலாம்.

இனங்காண உதவும் படத்திற்கு அழகு கட்டாயமன்று. கொசு உள்ளானின் கால்கள் கருநிறம். அதனையொத்த டெம்மிங்க் உள்ளானின் கால்கள் மஞ்சள் கலந்தவை. சேறு படிந்த காலைக் கொண்டு முடிவு செய்வது பிழையாகலாம். கோடியக்கரையில் முன்னர் பதிவாகியுள்ளதும் உலகளவில் அழிவின் விளிம்பில் உள்ளதுமான கரண்டிமூக்கு உள்ளானோ, பக்கவாட்டில் சாதாரண உள்ளான் போலவே தோன்றும். அலகின் அகன்ற நுனி முன்புறத்திலிருந்து எடுத்த படத்திலேயே ஐயமின்றிப் புலப்படும்.