வெள்ளெழுத்து வந்த பிறகும் எழுதலாம்!

ரிட்டயர் ஆன முதல் மாதம் ஆனந்தமாக இருக்கும். பஸ் பிடிக்க ஓட வேண்டாம், மேலதிகாரியின் முகத்தைப் பார்க்க வேண்டாம். இரண்டாவது மாதத்தில், பேப்பரை வரி விளம்பரம் வரை படித்து முடித்த பிறகும் மணி ஒன்பதுதான் ஆகியிருக்கும். ஆறாவது மாதத்தில் தூக்கம் வரவில்லை, பசி மந்தம், எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்று வைத்தியரிடம் வருவார்கள். நாடி பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கும். பிள்ளைகளை ஆளாக்கிவிட்டுத் தனியாகிவிட்ட தாய்மார்களுக்கும் இதே கதைதான்.

இவர்களுக்கு மருந்தோடு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வாங்கச் சொல்வது என் வழக்கம். "இந்த வயசுல எழுதி நான் என்னங்க பண்ணப் போறேன்?" என்று உடனே கேட்பார்கள்.

ஏற்காட்டில் இரண்டு பெரியவர்கள்

ஏற்காட்டுக்கு டூர் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்த்து, சேர்வராயன் கோயிலில் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுச் சின்னம் இருப்பது பலருக்குத் தெரியாது. 1863-ல் பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தவர் அவர்தான்.

நிலவியல் துறையிலிருந்து 1891-ல் ஓய்வு பெற்ற ஃபூட், பரோடா, மைசூர் சமஸ்தானங்களிலும் வேலை பார்த்துவிட்டு ஏற்காட்டில் குடியேறினார். ஆயுள் முழுக்கச் சேர்த்த கல் ஆயுதங்களையும் பானை ஓடுகளையும் 1904-ல் சென்னை மியூசியத்துக்காக அரசாங்கம் வாங்கிக்கொண்டது. பொருளைக் கொடுத்தால் போதுமா? எது எந்த ஊரில், எந்த இடத்தில் கிடைத்தது என்ற விவரம் வேண்டாமா? எழுபது வயதுக்கு மேல் உட்கார்ந்து அதை எழுதினார். 1912-ல், 78 வயதில் காலமானார். அவர் எழுதியது 1914-லும் 1916-லும் இரண்டு புத்தகங்களாக வெளிவந்தது. அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் அவை வெறும் கற்கள்தான்.

ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல், 1826-ல் யாழ்ப்பாணம் வந்த பாதிரியார். நம் பழமொழிகளைத் திரட்டி 1842-ல் புத்தகமாக்கினார். அதோடு விட்டுவிடாமல், சேர்த்துக்கொண்டே போய், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளுடன் 1874-ல் புதிய பதிப்பு கொண்டுவந்தபோது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். 1882-ல் ஏற்காட்டில்தான் காலமானார்.

"அவங்கெல்லாம் படிச்சவங்க, ஏற்கெனவே எழுதிப் பழகினவங்க" என்பீர்கள். உண்மைதான். அமெரிக்காவில் பண்ணையில் வாழ்ந்த லாரா இங்கால்ஸ் வைல்டரின் முதல் புத்தகம் 1932-ல் வந்தபோது அவருக்கு 65 வயது. தன் சிறுவயதுக் குடும்ப வாழ்க்கையைத்தான் அவர் கதையாக்கினார். நம் மாயவரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்', தமிழின் முதல் நாவல், 1879-ல் வெளியானபோது அவரும் ஐம்பதைத் தாண்டியவர்.

உடம்புக்கு என்ன லாபம்?

ஆயுளை மூன்று பங்காக்கி முதல் பங்கு வாதம், நடுப்பங்கு பித்தம், கடைசிப் பங்கு கபம் என்பது சித்த மருத்துவப் பாடம். கபத்தின் குணம் மந்தம். உடம்பின் மந்தத்துக்கு நடை, மனதின் மந்தத்துக்கு எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

மனபாரத்துக்கும் இது வடிகால். 1986-ல் அமெரிக்க உளவியலாளர் பென்னிபேக்கர், மாணவர்களைத் தினம் 15 நிமிடம் என நான்கு நாட்கள், மனதை வாட்டிய சம்பவங்களைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதிய அன்று அவர்களுக்கு மனம் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போவது குறைந்தது. அதற்காக, எழுதினால் மறதி நோயே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எழுத எழுதத் துக்கம் அதிகமாகிறதென்றால் நோட்டை மூடிவிட்டு, நம்பிக்கையானவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள். தூக்கமே போய்விட்டால் டாக்டரைப் பாருங்கள்.

என்ன எழுதுவது?

கதை, கவிதை வேண்டாம். உங்கள் அம்மா பிரசவ லேகியம் கிளறியது எப்படி? சேர்வராயன் மலையில் மே மாதத் திருவிழாவுக்கு அந்தக் காலத்தில் எப்படி ஏறிப் போனீர்கள்? இதை எழுதுங்கள். கைவைத்தியம் எழுதும்போது மட்டும் 'ஒரு கைப்பிடி' என்று விடாதீர்கள். யார் கைப்பிடி? ஸ்பூன் கணக்கிலோ கிராம் கணக்கிலோ அளந்து எழுதுங்கள். ஏட்டில் ஏறியதால்தான் சித்தர் மருத்துவம் நம் கைக்கு வந்தது. மனதிலேயே வைத்திருந்த வைத்தியர்களோடு எத்தனையோ மருந்து முறைகள் போய்விட்டன.

எழுதும் முறை:

* வெள்ளெழுத்துக் கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுத்து மங்கினால் கண்புரைக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.
* மடியில் நோட்டை வைத்துக் குனியாதீர்கள். கழுத்து வலி வரும். மேஜை வேண்டும்.
* வலது கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடது பக்கமிருந்து வரட்டும்.
* மலைக் குளிரில் விரல் விறைத்தால், வெயில் ஏறிய பிறகு உட்காருங்கள். இளஞ்சூடான நீரில் கையைச் சற்று நேரம் வைத்துத் துடைத்துவிட்டு எழுதலாம். பருமனான பேனா விரலுக்கு இதம்.
* இருபது நிமிடம் எழுதியதும் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

கையெழுத்தைக் கவனியுங்கள்

வரி போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே வந்தால் அலட்சியம் வேண்டாம். அது நடுக்குவாதத்தின் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம். பூனைக்காலி விதையில் இதற்கான மருந்துப்பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் கடையில் வாங்கி நீங்களாகச் சாப்பிடக் கூடாது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்கு அளவு மீறிவிடும்.

திடீரென்று பேனா பிடிக்க முடியவில்லை, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல், அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

ஒவ்வொரு பக்கத்திலும் மறக்காமல் தேதி போடுங்கள். பேரப்பிள்ளைகள் பின்னால் படிக்கும்போது உதவும். உங்கள் கையெழுத்து எப்போது மாறத் தொடங்கியது என்று டாக்டர் கேட்டால், பதிலும் அந்த நோட்டிலேயே இருக்கும்.