தராசுக்கு லித்தியம் பேட்டரி: மாற்றலாமா, கூடாதா?

இரும்புக் கல்லும் தட்டுத் தராசும் நம் கடைகளை விட்டுப் போய் வெகு நாளாகிவிட்டது. திருவெறும்பூர் கடைவீதியின் மளிகைக் கடை முதல் திருச்சி காந்தி மார்க்கெட்டின் மொத்த மண்டி வரை இன்று எலக்ட்ரானிக் தராசுதான் ஆட்சி செய்கிறது. அந்தத் தராசின் வயிற்றுக்குள் இருக்கும் சிறு பேட்டரியைப் பற்றி நாம் சாதாரணமாக நினைப்பதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை முதல் மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாளில்தான் அதன் அருமை தெரிகிறது. எண் மங்கி, தராசு அணைந்துவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

இதனால், "பழைய பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு லித்தியம் போட்டால் பல நாள் தாங்குமாமே?" என்ற கேள்வி வணிகர்களிடையே எழுகிறது. லித்தியம் நல்ல பொருள்தான். ஆனால் எந்த லித்தியம், எந்தத் தராசில், யார் கையால் என்ற மூன்றையும் பார்க்காமல் மாற்றினால் கடைக்கும் ஆபத்து, தராசின் முத்திரைக்கும் ஆபத்து. ஆகவே விவரமாகப் பார்ப்போம்.

இப்போது உள்ளே இருப்பது என்ன?

மேசைத் தராசுகளில் பெரும்பாலும் இருப்பது மூடி அடைத்த ஈய-அமில பேட்டரி. 1859-ல் பிரான்சு நாட்டின் பிளாண்டே கண்டுபிடித்த அதே வகைதான். 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி அளவு பரவலாகக் கிடைப்பது. சிறிய தராசுகளில் 4 வோல்ட் பேட்டரியும் உண்டு.

இந்த பேட்டரிக்கு இரண்டு எதிரிகள். முதலாவது வெப்பம். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் உள்ள கணக்கு. நம் திருச்சிச் சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ் இருக்கும் தராசின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது எதிரி, முழுதும் இறங்கிய பின் சார்ஜ் செய்யாமல் போட்டு வைப்பது. அப்படிக் கிடந்தால் தகடுகளில் உப்புப் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் ஏறாது.

லித்தியத்திலும் வகை உண்டு

லித்தியம் என்றால் ஒரே பொருள் என்று எண்ணிவிடலாகாது. செல்போனிலும் மடிக்கணினியிலும் உள்ள லித்தியம்-அயன் செல் 3.7 வோல்ட். முழுதும் ஏறினால் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றக் கூடாது. லித்தியம் பாலிமர் என்பதும் இதே குடும்பம்தான்; பொதுவாக உலோகக் கூடு இல்லாமல் மெல்லிய பை போன்ற உறைக்குள் இருப்பதால் எடை குறைவு. ஆனால் ஓர் ஆணி முனை பட்டாலே கிழிந்து தீப்பிடிக்கக் கூடும். மூன்றாவது வகை லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதன் செல் 3.2 வோல்ட், முழு அளவு 3.65 வோல்ட். முன்னிரண்டைவிடச் சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பற்றாது. ஈய-அமில பேட்டரி முழுதாக இறங்கி ஏறுவது சில நூறு முறையே; இது ஆயிரம் முறையைத் தாண்டும்.

தராசுக்குப் பொருந்துவது இந்த மூன்றாவது வகையே. 6 வோல்ட் ஈய பேட்டரியின் சார்ஜர் சுமார் 6.8 முதல் 7.5 வோல்ட் வரை தருகிறது. இரும்பு பாஸ்பேட் செல் இரண்டைத் தொடராக இணைத்தால் 6.4 வோல்ட், முழு அளவு 7.3. கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. சாதாரண லித்தியம்-அயன் செல் இரண்டைப் போட்டாலோ முழு அளவு 8.4 வோல்ட். தராசின் சார்ஜர் அந்த அளவை எட்டாது. பேட்டரி முழுதாக ஏறாது. "புதுப் பேட்டரி ஒரு நாள்கூடத் தாங்கவில்லையே" என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆபத்து எங்கே?

பெரிய ஆபத்து 4 வோல்ட் தராசில்தான். "இது 4 வோல்ட், செல்போன் செல்லும் கிட்டத்தட்ட 4 வோல்ட், சரியாகத்தானே இருக்கிறது" என்று ஒரு லித்தியம் செல்லை நேரடியாக இணைத்துவிடத் தோன்றும். ஆனால் 4 வோல்ட் ஈய பேட்டரியின் சார்ஜர் 4.6 முதல் 4.9 வோல்ட் வரை தரும். 4.2-க்கு மேல் தாங்காத செல்லுக்கு இது விஷம். செல் உப்பும், சூடேறும், முடிவில் தீப்பிடிக்கும். ஈய பேட்டரியைப் போல் இரவு முழுவதும் சார்ஜில் விட்டு ஷட்டரைப் பூட்டிவிட்டுப் போனால், சாக்கும் எண்ணெயும் அட்டைப் பெட்டியும் நிறைந்த கடையில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். வெளியே இதைக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. தராசு வழக்கம்போல் எடை காட்டிக்கொண்டேயிருக்கும்.

பொழுதுபோக்காளர்கள் காட்டிய வழி

இந்தச் சிக்கலை நமக்கு முன்பே சந்தித்தவர்கள் ரேடியோ கண்ட்ரோல் மூலம் சிறு விமானங்களைப் பறக்கவிடும் பொழுதுபோக்காளர்கள். அவர்கள் கையில் வைத்திருக்கும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் முன்பு நிக்கல் வகை செல் எட்டு இருக்கும், மொத்தம் 9.6 வோல்ட். எடை குறைவு, நேரம் அதிகம் என்பதற்காகப் பலர் மூன்று செல் லித்தியம் பாலிமருக்கு மாறினர். அது 11.1 வோல்ட், முழு அளவில் 12.6. மாறுவதற்கு முன் அவர்கள் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொண்டனர். ஒன்று, பெட்டியின் மின்சுற்று 12.6 வோல்ட்டைத் தாங்குமா என்பது. இரண்டு, பெட்டியின் பழைய சார்ஜ் துளை வழியே லித்தியத்தைச் சார்ஜ் செய்யாமல், பேட்டரியை வெளியே எடுத்து அதற்கே உரிய சார்ஜரில் ஒவ்வொரு செல்லையும் சமமாக ஏற்றுவது. மூன்று, பிளஸ்-மைனஸ் ஒயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் மீட்டர் வைத்துச் சரிபார்ப்பது. பறக்கும்போது பெட்டி அணைந்தால் விமானம் விழும் என்பதால் வோல்ட் குறைந்தால் ஒலிக்கும் மணியும் வைத்துக்கொண்டனர்.

விளையாட்டுப் பொருளுக்கே இவ்வளவு கவனம் என்றால், வியாபாரமே நம்பியிருக்கும் தராசுக்கு எவ்வளவு வேண்டும்? அவர்கள் பேட்டரியை எளிதில் வெளியே எடுத்துவிட முடிந்தது. நம் தராசிலோ பேட்டரி உள்ளேயே இருந்து சார்ஜ் ஆகிறது. ஆகவே செல்லுடன் பாதுகாப்புச் சுற்று கட்டாயம் வேண்டும். அதிகமாக ஏறினாலும், அதிகமாக இறங்கினாலும், ஒயர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் அது இணைப்பைத் துண்டித்துவிடும்.

எடை மாறுமா?

ஈய பேட்டரியைவிட லித்தியம் எடை குறைவு. அதனால் தராசு காட்டும் எடை மாறுமோ என்ற ஐயம் இயல்பானது. மாறாது. தட்டின் மேல் உள்ள சுமையை மட்டுமே உள்ளிருக்கும் லோட் செல் அளக்கிறது. பேட்டரி இருப்பது அடிப்பெட்டியில். ஆனால் வோல்ட் மிகவும் இறங்கிவிட்டால் எண் நிலைக்காமல் ஆடத் தொடங்கும். அந்த நிலையில் எடை போடுவது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நல்லதல்ல. மேலும், லித்தியம் கடைசி வரை ஒரே அளவில் வோல்ட் தந்து திடீரென இறங்கும் இயல்புடையது. ஆகவே தராசில் உள்ள 'பேட்டரி குறைவு' அடையாளத்தை நம்பியிராமல் குறித்த நாளில் சார்ஜ் செய்துவிட வேண்டும்.

முத்திரையை மறக்கலாகாது

2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை இதை அமல்படுத்துகிறது. எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்திற்கு ஒரு முறை மறுமுத்திரை பெற்று, சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது நாம் அறிந்ததே. பலர் அறியாதது, உரிமம் பெற்றவரைத் தவிர வேறு எவரும் தராசைப் பழுதுபார்க்கும் தொழில் செய்யக் கூடாது என்பது. பழுதுபார்த்த தராசை, கெடு மீதமிருந்தாலும், மீண்டும் முத்திரையிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

சில தராசுகளில் பேட்டரிக்குத் தனி மூடி உண்டு. முத்திரைக் கம்பியைத் தொடாமல் திறக்கலாம். வேறு சிலவற்றில் பெட்டியைத் திறந்தாலே முத்திரை அறுபடும். இரண்டாவது வகையானால் செல்போன் கடையிலோ ரேடியோ மெக்கானிக்கிடமோ கொடுத்துவிடக் கூடாது. ஆய்வின்போது அறுந்த முத்திரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மெக்கானிக் அல்ல, கடைக்காரர்தான். தயாரிப்பாளரோ உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரோ இந்த மாற்றத்தை ஏற்று எழுத்தில் தருவதே நமக்குப் பாதுகாப்பு.

யாருக்குத் தேவை?

எப்போதும் மின்சாரத்தில் இயங்கும் கடைத் தராசுக்கு ஈய பேட்டரியே போதும். பழையதை எடுத்து அதே அளவில் புதியது போடுவதே சிக்கனம். வாரச் சந்தை, தள்ளுவண்டி, வேன் வியாபாரம் என்று நாள் முழுவதும் பேட்டரியையே நம்பியிருப்போருக்கு இரும்பு பாஸ்பேட் வகை உண்மையாகவே பயன் தரும். அவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. தராசின் சார்ஜர் தரும் வோல்ட்டை மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். 4 வோல்ட் தராசானால் தயாரிப்பாளர் சொல்லாமல் மாற்ற வேண்டாம்.

2. பாதுகாப்புச் சுற்றுடன் கூடிய பேட்டரியையே வாங்குங்கள். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண்ணும் ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய மடிக்கணினியிலிருந்து பிரித்தெடுத்த செல் வேண்டவே வேண்டாம்.

3. பில் இல்லாமல் வாங்காதீர்கள். வரி வரவுக்கும் ஆகும், தகராறு வந்தால் ஆதாரமும் ஆகும்.

4. கடை திறந்திருக்கும் நேரத்தில் மட்டுமே சார்ஜ் செய்யுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. உடனே எடுத்து, எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள்.

5. கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இதைத் தனியே பிரித்து, சேகரிப்பவரிடம் ஒப்படைக்கச் சொல்கின்றன. ஈயத்துக்கு எடைக் கணக்கில் விலையும் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. இன்று கடை அடைக்கும் முன் தராசைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடி எங்கே, முத்திரை எங்கே, உள்ளே 4 வோல்ட்டா 6 வோல்ட்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மின்தடை நாளில் அவசரப்பட்டு யாரிடமோ கொடுத்து ஏமாறுவதற்கு இடம் இராது.