செல்லாக்காசு – 9: மதராஸ் வந்து சேராத செம்பு

லண்டனில் ஃபாரஸ்ட் கேட், ஈஸ்ட் ஹாம் பக்கத்தில் நாணயம் சேர்க்கும் தமிழர்களின் ஆல்பத்தில் 1808 என்று ஆண்டு பொறித்த ஒரு செப்புக்காசு அகப்படுவதுண்டு. ஒருபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். மறுபுறம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது அல்லது பத்து காசு என்ற மதிப்பு. விலை அதிகமில்லை. பெரும்பாலானவை அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல அரித்துப்போய், சிங்கம் எது, கேடயம் எது என்று தெரியாமல் இருக்கும். "பாவம், எத்தனை கை மாறியிருக்கும்!" என்பார்கள் பார்ப்பவர்கள்.

ஒரு கை கூட மாறவில்லை. சந்தையில் ஒரு படி அரிசிக்குக்கூட இவற்றை யாரும் கொடுத்ததில்லை.

மதராஸ் மாகாணத்தின் சில்லறைக்கென்றே இங்கிலாந்தில் அச்சடித்த காசு இது. அடித்தது பர்மிங்ஹாமில் மேத்யூ போல்ட்டன் நடத்திய சோஹோ அக்கசாலை. அப்போது மதராஸில் எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திர வராகன். இருபது காசு நாணயத்தை 168 எண்ணிவைத்தால்தான் ஒரு வராகன் தேறும். அவ்வளவு சின்ன மதிப்புள்ள காசை ஆயிரக்கணக்கான மைல் கப்பலேற்றி அனுப்பியதற்குக் காரணம் போல்ட்டனின் நீராவி இயந்திரம். ஒரே எடை, ஒரே வட்டம், கள்ளக்காசு அடிப்பவனுக்குக் கடினம்.

'அட்மிரல் கார்ட்னர்' என்ற கம்பெனிக் கப்பல் ஏறத்தாழ ஐம்பது டன் செப்புக்காசை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே, கென்ட் கடலோரத்திலுள்ள குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி உடைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் போல்ட்டனும் இறந்துபோனார். கப்பல் ஏறக்குறைய 170 ஆண்டுகள் மணலுக்குள் கிடந்தது. 1970களில் டோவர் துறைமுகப் பணிக்காக அந்தத் திட்டில் மணல் அள்ளியபோது காசுகள் தலைகாட்டின. 1980களின் நடுவில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். அப்படித்தான் மதராஸ் போகவேண்டிய சில்லறை லண்டன் நாணயக் கடைகளில் வந்து குவிந்தது.

தேய்ந்த காசை அடையாளம் காண உட்காரும் ஆரம்பநிலைக்காரர் முதலில் பழகவேண்டிய பாடம் இந்தக் காசில் இருக்கிறது. தேய்மானம் ஒரே வகையல்ல. கையில் தேய்ந்த காசில் மேடுகள் முதலில் போகும். கேடயத்தின் நடுப்பகுதியும் சிங்கத்தின் தோளும் மழுங்கிவிடும். விளிம்பை ஒட்டிய பள்ளத்தில் இருக்கும் எழுத்து கடைசிவரை தங்கும். தொட்டால் வழவழப்பு. கடல் தின்ற காசில் மேடு பள்ளம் என்ற பாகுபாடே இல்லை. உப்பு எல்லா இடத்தையும் சமமாகக் கொறிக்கும், பரப்பு சொரசொரவென்று இருக்கும். தமிழ்நாட்டில் வீட்டுப் பெட்டிகளிலிருந்து இதே வகை 1803 காசுகள் இன்னும் கிடைக்கின்றன. மதராஸ் வந்து புழங்கியவை அவை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வாய்த்தால் எந்தப் புத்தகமும் தேவையில்லை.

எழுத்து முழுதாகப் போனாலும் காசு ஊமையாகிவிடாது. தராசும் காலிப்பரும் இருந்தால் போதும். இருபது காசு நல்ல நிலையில் 9 கிராமுக்குச் சற்று மேல், குறுக்களவு 30 மில்லிமீட்டரை ஒட்டி. பத்து காசு அதில் பாதி எடை, 25 அல்லது 26 மில்லிமீட்டர். அரித்த காசு எடை குறைந்திருக்கும் என்பதால் நான் குறுக்களவைத்தான் அதிகம் நம்புகிறேன். சோஹோ காசு அச்சு வளையத்துக்குள் வைத்து அடித்தது, அதனால் வட்டம் பிசகாது. சுத்தியலால் அடித்த பழைய துட்டோ ஒரு பக்கம் கோணி, தடிப்பு மாறித்தான் இருக்கும். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சின்ன டார்ச்சைக் காசுக்குப் பக்கவாட்டில், மேசையோடு மேசையாகப் படுக்கவைத்துப் பிடியுங்கள். பட்டப்பகலில் தெரியாத 8 நிழலில் எழுந்துவரும்.

இந்த இடத்தில்தான் யாராவது ஒருவர் சமையலறைப் பக்கம் திரும்புவார். "அண்ணை, ஒருக்காப் புளி போட்டுத் தேய்ச்சுப் பாப்பமே?"

குத்துவிளக்குக்குப் புளி சரி. காசுக்குக் கூடவே கூடாது. புளியின் டார்டாரிக் அமிலம் பச்சையையும் பழுப்பையும் கரைத்துவிட்டு அடியிலிருக்கும் இளஞ்சிவப்புச் செம்பைக் காட்டும். அரித்த காசில் எழுத்தின் உருவம் பல சமயம் உலோகத்தில் இல்லை, அதன் மேல் படிந்த களிம்பில்தான் நிற்கிறது. களிம்பு போனால் எழுத்தும் போயிற்று. எலுமிச்சை, வினிகர், பற்பசை எல்லாம் இதே ஜாதி. நாணயக் கடையில் பளபளக்கும் ரோஸ் நிறக் காசைக் கண்டால் அது குளித்துவிட்டு வந்தது என்று அறிக. மினுக்கத்துக்காகக் கூடுதல் விலை கேட்பவரிடம் நான் வாங்குவதில்லை.

ஆனால் கடற்காசை அப்படியே விட்டுவிடவும் முடியாது. உள்ளே குளோரைடு உப்பு ஒளிந்திருக்கும். ஈரக்காற்றுப் பட்டால் அது அமிலமாக மாறிப் புதுச் செம்பைத் தின்னும், அதிலிருந்து மறுபடி அமிலம் பிறக்கும். வெளிர்பச்சை மாவு புள்ளிபுள்ளியாகக் கிளம்பினால் அதுதான். கெட்டியாக ஒட்டி நிற்கும் கரும்பச்சைக் களிம்பு வேறு, அது காசுக்குக் காவல். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைதான் நோய். அந்தக் காசை முதலில் தனியே பிரித்துவையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். இது வாரக்கணக்கு, சில சமயம் மாதக்கணக்கு. அழுக்கை எடுக்க மூங்கில் பல்குச்சியோ முள்ளோ போதும், ஊசி வேண்டாம். நன்றாக உலர்ந்தபின் மெல்லிய மெழுகுப் பூச்சு. பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரெனைசான்ஸ் மெழுகைத்தான் இங்கே பலரும் பூசுகிறார்கள். நோய் முற்றியதும் அரிதானதுமான காசென்றால் வீட்டில் கைவைக்காமல் பாதுகாப்பு வேதியியல் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதே உத்தமம்.

ஃபாரஸ்ட் கேட்காரர்கள் அடுத்துக் கேட்பது, "பக்கத்து வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸில் டிடெக்டர் வைத்துத் தேடலாமா?" ஆசை நியாயமானதுதான். சற்று வடக்கே வான்ஸ்டெட் பார்க்கில் 1715இல் ரோமானிய மொசைக் தளமே கிடைத்திருக்கிறது. ஆனால் ஃப்ளாட்ஸ் எப்பிங் காட்டின் பகுதி, லண்டன் மாநகராட்சியின் பொறுப்பில் இருப்பது. டிடெக்டருக்கும் தோண்டலுக்கும் அங்கே அனுமதியில்லை. தேம்ஸ் கரைச் சேற்றில் தேடவும் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். நிலத்தின் சொந்தக்காரர் இசைந்து, முறையாகக் கிடைத்த காசை பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் தொல்பொருள் பதிவுத் திட்டத்தின் அலுவலரிடம் காட்டலாம். கழுவாமல் கொண்டுபோங்கள். ஒட்டியிருக்கும் மண்ணும் அவருக்குச் செய்திதான்.

அட்மிரல் கார்ட்னர் கிடக்கும் இடம் இன்று சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் முக்குளிக்க முடியாது. கென்ட் கடற்கரையில் நடக்கும்போது ஒரு காசு காலில் தட்டுப்பட்டாலும், கப்பல் சிதைவிலிருந்து வந்த பொருள் என்பதால், 28 நாளுக்குள் சிதைவுப் பொருள் அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். கடையில் வாங்கியிருந்தால் ரசீதைக் காசோடு ஒரே உறையில் போட்டுவையுங்கள். எடை, குறுக்களவு, வாங்கிய இடம் மூன்றையும் பென்சிலால் உறைமேல் எழுதிவிடுங்கள்.