கண் கண்டது, மனம் காணவில்லை!

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 10 மைலில் உள்ளது சித்தன்னவாசல். அக்குடைவரைக் கோயிலின் விதானத்தை அண்ணாந்து நோக்கினால் முதலில் தென்படுவன மங்கிய வர்ணத் திட்டுகளே. சற்றுப் பொறுத்தால், திடீரென்று தாமரைத் தடாகம் புலப்படும்! மீன்கள், அன்னங்கள், யானைகள், மலர் கொய்யும் மாந்தர்! சித்திரம் மாறவில்லை, கண்ணும் மாறவில்லை. பின் மாறியது எது?

மூளைதான். கண் அனுப்பும் செய்தி மூளையின் பின்புறத்தோடு நின்றுவிட்டால் அது நம் பிரக்ஞைக்கு எட்டுவதில்லை. முன்புறம் வரை பரந்த நரம்பு வலை முழுவதும் அதைப் பகிர்ந்துகொண்டால்தான் "கண்டேன்" என்கிறோம். பிரெஞ்சு விஞ்ஞானி ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் முதலியோரின் கொள்கை இது.

எட்டாத செய்தியும் வீணாவதில்லை. சிகிச்சையில் மூளையின் பார்வைப் பகுதியில் ஒரு பாகத்தை இழந்த ஒருவர், "இடப்புறம் ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டே, அங்கு தோன்றிய ஒளியைப் பெரும்பாலும் சரியாகச் சுட்டினார்! லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸும் அவருடைய சகாக்களும் 1974-ல் இதை வெளியிட்டனர்.

செய்தியைப் பிரக்ஞைக்கு அழைத்து வருவதில் கவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1,000 ஆண்டுகளைக் கடந்த அச்சித்திரமோ பெரிதும் சிதைந்துவிட்டது. ஆகவே, குழந்தைகளுடன் அங்கே செல்லும் நேயர்களே! கழுத்து வலித்தாலும், தடாகம் தெரியும் வரையில் நின்று பாருங்கள்.