கையெழுத்துப் போடும்போது கை நடுங்குகிறதா?

வங்கி கவுன்ட்டரில் ஊழியர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையெழுத்துப் போட்டால் கை நடுங்கிவிடும் என்று பயந்து, செலானை வீட்டிலேயே நிரப்பிக் கையெழுத்தும் போட்டு எடுத்து வருகிறவர்கள் உண்டு. பந்தியில் நாலு பேர் பார்க்கச் சாப்பிட முடியாமல், மொய் எழுதிவிட்டு நழுவுகிறவர்களும் உண்டு. ‘கூச்ச சுபாவம்’ என்று சொல்லி ஊர் விட்டுவிடும். மனநல மருத்துவர் இதைச் சமூகப் பதற்றக் கோளாறாக இருக்குமோ என்று பார்ப்பார்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் 1980இல்தான் இதற்குத் தனி இடம் கிடைத்தது. இன்றைய வரையறைப்படி, பிறர் கவனிக்கும் இடத்தில் அவமானப்பட்டுவிடுவோமோ என்ற பயம், சூழ்நிலைக்குப் பொருந்தாத அளவில், பொதுவாக 6 மாதமாவது நீடிக்க வேண்டும். அதனால் கடும் மனவேதனை வர வேண்டும், அல்லது படிப்போ வேலையோ உறவோ கெட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம் என்பேன். மேடையேறினால் வியர்ப்பவர்களெல்லாம் நோயாளிகள் அல்லர். வைவாவுக்குப் பயந்து படிப்பை நிறுத்தியவரும், மீட்டிங்கில் பேச வேண்டுமே என்று பதவி உயர்வை மறுத்தவரும் வேறு ரகம்.

ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இது தெரியாது. தைராய்டு அதிகம் சுரந்தாலும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்பதால் அதைச் சில சமயம் சோதிப்பார்கள். மற்றபடி எல்லாம் பேச்சில்தான். மனச்சோர்வு உண்டா, திக்குவாயை நினைத்துத்தான் தயக்கமா, தைரியத்துக்காகக் குடிக்கும் பழக்கம் இருக்கிறதா என்று துருவுவார்கள். பெரியவர்கள் முன் மட்டும் ஒடுங்கும் பிள்ளைக்கு இந்தப் பெயரைச் சூட்டுவதில்லை. சம வயதுப் பிள்ளைகளிடமும் அதே பயம் இருக்க வேண்டும்.

இந்தப் பயத்தை அளக்க மனநல மருத்துவர் மைக்கேல் லீபோவிட்ஸ் 1987இல் வெளியிட்ட அளவுகோலில் 24 சூழ்நிலைகள் இருக்கின்றன. வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பதும் அதில் ஒன்று. அது நம்மில் பலருக்கும் கொஞ்சம் உதறல்தான்! ஒவ்வொன்றுக்கும் பயம் எவ்வளவு, தவிர்ப்பது எவ்வளவு என்று தனித்தனியே மதிப்பெண். பயமே இல்லை என்று சாதிப்பவர், அந்தப் பக்கமே போவதில்லை என்பது இரண்டாவது கேள்வியில் வெளிவந்துவிடும். மதிப்பெண் தீவிரத்தைக் காட்டும். முடிவு சொல்வது மருத்துவர்தான்.

அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும் மருந்துகளும் நன்றாகவே பலன் தருகின்றன. ஆனால் முன்பின் தெரியாத மருத்துவரிடம் வாய் திறப்பதே இவர்களுக்குப் பெரும்பாடு. அப்படிப்பட்டவர்கள் போனில் தொடங்கலாம்: அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் கிடையாது. லீபோவிட்ஸ் அளவுகோலின் முதல் சூழ்நிலையே நாலு பேர் எதிரில் போனில் பேசுவதுதான் என்பதால், உங்கள் வீட்டில் ஒருவர் அந்த எண்ணில் பேசும்போது அறையில் அவரைத் தனியே விட்டுவிடுங்கள்.