அறிவுக்கொடையும் மாதர் சங்கமும்

கொடை என்னுஞ் சொல்லைக் கேட்டதும் பொன்னும் பொருளும் நெல்லும் நிலமுமே பலருடைய மனத்தில் எழுகின்றன. மருத்துவம், சட்டம், கணக்கியல், வேளாண்மை முதலிய துறைகளிற் பயின்ற ஒருவர் தம் நேரத்தையும் அறிவையும் பொதுச் சங்கமொன்றின் நிர்வாகக் குழுவிற்கு ஊதியமின்றி வழங்குவதும் கொடையே. பணம் செலவாகித் தீரும். சங்கத்தின் நடைமுறையிற் படிந்துவிட்ட அறிவோ, கொடுத்தவர் விலகிய பின்னும் அங்கே நிற்கும். கற்ற பெண்கள் இக்கொடையை அளிக்கத் தொடங்கியது நேற்று இன்றல்ல.

இலங்கையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு டாக்டர் மேரி இரத்தினம். கனடாவிற் பிறந்து, மருத்துவம் பயின்று, தமிழரொருவரை மணந்து, 1896 இல் இத்தீவுக்கு வந்தவர். 1909 இற் கொழும்பிலே தமிழ் மகளிர் சங்கம் உருவாவதற்குத் துணைநின்றார். கனடாவின் கிராம மகளிர் கழகங்களை மாதிரியாகக் கொண்டு 1930 இல் இலங்கை மகிளா சமிதியைத் தோற்றுவித்தார். கிராமப் பெண்கள் தாமே கூடிச் சுகாதாரமும் தோட்டச் செய்கையும் கைப்பணியும் கற்பதற்கு அது வழி செய்தது. அவருக்கு 1958 இல் மகசேசே விருது கிடைத்தது. தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930 இல் ஔவை இல்லத்தை நிறுவினார். மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டி, 1954 இல் அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனை அமைவதற்கும் காரணமாயிருந்தார். இவ்விருவரும் நோயாளரைப் பார்த்ததோடு தம் கடமை முடிந்ததென எண்ணவில்லை. கூட்டத்தில் அமர்ந்து, விதிகளை வகுத்து, சங்கங்களை நிலைபெறச் செய்தனர்.

இத்தகைய கொடை இன்று எங்கே மிகுதியாக வேண்டப்படுகின்றது? வன்னிப் பெருநிலப்பரப்பின் கிராமங்களை நோக்கினால் விடை கிடைக்கும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில், கிளிநொச்சி மாவட்டத்தில் அமைந்தது தர்மபுரம். 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இக்கிராமம் போரின் நடுவே அகப்பட்டது. மக்கள் அனைத்தையும் விட்டு வெளியேறி, பின்னர் மீண்டுவந்து குடியமர்ந்தனர். இத்தகைய கிராமங்களிற் கணவனை இழந்தும் பிரிந்தும் குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் பலர். அவர்களுக்கு அண்மையிலுள்ள துணை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். அச்சங்கத்தில் உழைப்புக்கும் ஒற்றுமைக்கும் குறைவில்லை. கடன் பத்திரத்தையும் காணிப் பத்திரத்தையும் வாசித்து விளக்குவார்தாம் வேண்டும்.

கடனையே எடுத்துக்கொள்வோம். 50,000 ரூபாவை ஓராண்டுக்கு 24 வீத நிலையான வட்டியிற் பெறும் பெண் மொத்தமாக 62,000 ரூபா செலுத்துகின்றார். மாதத் தவணை ஏறக்குறைய 5,167 ரூபா. முதல் மாதந்தொட்டே முதலின் ஒரு பகுதி திரும்பிச் செல்வதால், ஆண்டு முழுவதிலும் சராசரியாகப் பாதித் தொகையளவே அவர் கையில் இருக்கும்; வட்டியோ முழுத் தொகைக்கும் கணிக்கப்படுகின்றது. குறைந்து செல்லும் மீதியைக்கொண்டு கணித்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 41 வீதத்தையுங் கடக்கும். கணக்காளர் ஒருவர் அரை மணி நேரத்தில் இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். எழுதிக் காட்ட ஒருவரில்லாத இடங்களிற் கடனை அடைக்க மற்றொரு கடன் என்னும் நிலை வந்தது. 2018 இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற நுண்கடன்களின் ஒரு பகுதியை அரசாங்கமே தீர்க்க முன்வருமளவிற்கு அச்சுமை முற்றியிருந்தது.

காணியும் அவ்வாறே. குடியேற்றத் திட்டங்களிற் காணிகள் பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரத்தின் மூலம் வழங்கப்பட்டன. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து, அச்சட்டத்தின் அட்டவணை ஆண்மக்களுக்கே முதலிடம் அளித்தது. 2022 இல் வந்த திருத்தம் அவ்வேற்றுமையை நீக்கியது. ஆயினும், சட்டம் மாறிய செய்தி தர்மபுரத்து மகளொருத்தியின் செவிக்கு எட்டாவிடின் அவளுக்கு அதனால் என்ன பயன்? சங்கத்தின் குழுவிற் சட்டத்தரணி ஒருவர் இருப்பாராயின், பத்திரம் யாருடைய பெயரில் உள்ளது, பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா என்னும் வினாக்கள் வழக்கு எழுமுன்பே எழும்.

நிர்வாகக் குழுவின் வேலை யாதெனத் தெளிதல் வேண்டும். நாளாந்த அலுவல்களை இழுத்துப் போட்டுச் செய்வது அதன் வேலையன்று. நோக்கத்தை வரையறுத்தல், வரவு செலவைக் கண்காணித்தல், பொறுப்பாளரை நியமித்து அவரிடம் கணக்குக் கேட்டல் ஆகியனவே அதன் கடமைகள். காசோலைக்கு இருவர் கையொப்பமிடுதல், கூட்டக் குறிப்பை அடுத்த கூட்டத்தில் வாசித்து உறுதிப்படுத்துதல், கணக்காய்வு செய்த அறிக்கையை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வைத்தல், தமக்கோ தம் உறவினருக்கோ ஆதாயந்தரும் தீர்மானம் வருங்கால் அதனை வெளிப்படையாகச் சொல்லி ஒதுங்குதல் ஆகியவை சிறிய பழக்கங்கள்போலத் தோன்றும். சங்கத்தின் நற்பெயர் இவற்றின் மேலேயே நிற்கின்றது.

இதில் ஓர் இடரும் உண்டு. பட்டம் பெற்றவர் பேசத் தொடங்கினாற் கிராமத்துப் பெண்கள் வாய்மூடி இருந்துவிடுதல் இயல்பு. எந்தக் குடும்பம் பசித்திருக்கின்றது, எந்த வயலுக்கு நீர் எட்டவில்லை என்பதை அறிந்தவர்கள் அவர்களே. ஆதலால், வல்லுநர் முதலிற் கேட்டுப் பின்னர் பேசுதல் நன்று. சங்கமும் தன் பங்கைச் செய்தல் வேண்டும். தொழிலையும் இல்லத்தையும் ஒருங்கே சுமக்கும் பெண்ணுக்கு ஏற்ற நாளிலே கூட்டம் வைத்தலும், பேருந்துச் செலவை ஈடுசெய்தலும் முறையாகும். ஊதியம் பெறாமை வேறு. கைப்பொருளை இழத்தல் வேறு.

கற்றவர்கள் தொலைவில் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனித்து இயங்குகின்றது. மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் நீதிமன்றங்களிலும் பெண்கள் பணிபுரிகின்றனர். இவர்களுள் ஒருவர் மாதத்தில் ஒரு பிற்பகலைக் கிராமச் சங்கமொன்றுக்கு ஒதுக்கினாற் போதும். அவர் பதவிக்காலம் முடிந்து விடைபெறும் நாளில், சங்கத்தின் பொருளாளராகிய கிராமத்துப் பெண் பிறர் உதவியின்றித் தானே ஐந்தொகையை வாசித்து விளக்குவாராயின், அந்தக் கொடை உரியவரைச் சென்றடைந்தது எனக் கொள்ளலாம்.